பிரிட்டனின் சைல்டு பெனிஃபிட்: பெற்றுவரும் குடும்பத்தின் மதிப்புரை

நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, வழக்கமாகத் திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை, பிள்ளை வளர்ப்புக்கு அரசு தரும் ‘சைல்டு பெனிஃபிட்’ உதவித்தொகை என் மனைவியின் வங்கிக் கணக்கில் வரவாகிறது. 2025-26 நிதியாண்டில் மூத்த பிள்ளைக்கு வாரம் 26.05, இளையவனுக்கு 17.25 என்ற கணக்கில் அது 173.20 பவுண்டு. இதுவரை ஒரு தவணைகூடத் தவறியதில்லை. விண்ணப்பிக்கும் முறையும் எளிது, சோம்பல் எங்களுடையது. நிரந்தர வசிப்புரிமை கிடைத்து ஐந்து மாதம் கழித்தே விண்ணப்பித்தோம். மூன்று மாதத்துக்கு மேல் முன்தேதியிட்டுத் தருவதில்லை என்பது விதி என்பதால் இரண்டு மாதப் பணம் போயிற்று.

எல்லாக் குழந்தைகளுக்குமான உதவி என்று இதைச் சொல்வதுண்டு. வேலை விசாவில் இருந்தவரை, ‘அரசு நிதியுதவிக்கு உரிமையில்லை’ என்ற நிபந்தனை இருந்ததால், எங்கள் பிள்ளைகள் அந்த ‘எல்லா’வில் சேரவில்லை.

சேவையில் குறை காண முடியாத நிலையில், இதை நம்பிக் குடும்ப பட்ஜெட் போடலாமா, அரசு நினைத்தால் குறைத்துவிட முடியுமா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முடியும் என்பதே விடை. 1945 சட்டத்தின்படி 1946 ஆகஸ்டில், இரண்டாம் குழந்தையிலிருந்து வாரம் ஐந்து ஷில்லிங்காகத் தொடங்கிய இந்த உதவி, நாடாளுமன்ற உறுப்பினர் எலனோர் ராத்போன் விடாப்பிடியாக வலியுறுத்தியதால் தாயின் கைக்கே போனது. 1975-இல் வந்த சட்டம் முதல் குழந்தையையும் சேர்த்தது. நாடாளுமன்றம் இயற்றியதை நாடாளுமன்றமே மாற்றலாம். அதைத் தடுக்கும் எழுதப்பட்ட அரசமைப்பு பிரிட்டனில் இல்லை. அமைச்சருக்கு மட்டும் ஒரு கடிவாளம் உண்டு: விதிமுறை வழியே நிர்ணயிக்கும் புதிய தொகை பழையதைவிடக் குறையக் கூடாது என்கிறது 1992 சட்டம். அதனால்தான், தனித்து வாழும் பெற்றோருக்கான கூடுதல் தொகையைக் குறைக்க 1998-இல் தனிச் சட்டப்பிரிவு தேவைப்பட்டது.

ஆனால் எண்ணைக் குறைக்காமலே பணத்தைக் குறைக்க வழியுண்டு. 2010-இல் முதல் குழந்தைக்கு வாரம் 20.30 பவுண்டு, 2020 மார்ச்சிலும் 20.70 தான். பத்தாண்டில் நாற்பது பென்ஸ்! விலைவாசி அப்படி நின்றிருக்கவில்லை என்பதைப் பால் வாங்கியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013 ஜனவரியில் இன்னொரு வழி வந்தது: தம்பதியில் ஒருவரின் ஆண்டு வருமானம் 50,000 பவுண்டைத் தாண்டினால் உதவியை வரியாகத் திரும்பப் பிடிப்பது. 2024-இல் வரம்பு 60,000 ஆயிற்று. 80,000-இல் முழுத் தொகையும் போய்விடும். தலைக்கு 60,000 ஈட்டும் தம்பதி முழுவதையும் வைத்துக்கொள்ள, ஒருவர் மட்டும் 80,000 ஈட்டும் வீட்டில் ஒன்றும் மிஞ்சாத இந்தக் கணக்கை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நீதிமன்றமும் பெரிய துணையாக இருக்கவில்லை. சைல்டு பெனிஃபிட்டையும் உள்ளடக்கி ஒரு குடும்பம் பெறும் மொத்த உதவித்தொகைக்கு விதித்த உச்சவரம்பை எதிர்த்த வழக்கில், 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவரில் மூவர், அது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கைக்கு முரணானது என்றே கருதினர். அந்த உடன்படிக்கை உள்நாட்டுச் சட்டமாக்கப்படாததால், அம்மூவரில் ஒருவர் மறுபக்கம் சாய்ந்தார். வழக்கு 3-2 எனத் தோற்றது. ஜெர்மனியின் நிலை வேறு: குடும்பத்தின் அடிப்படை வாழ்வுச் செலவுக்கு வரி விதிக்கக் கூடாது என்று 1990 மே மாதத்தில் அதன் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், கூடுதல் வருமானக் குடும்பங்களுக்குக் குழந்தை உதவித்தொகையில் எண்பதுகளில் செய்த குறைப்பு அந்த அளவில் செல்லாமற்போனது.

வருமானம் 80,000-ஐத் தாண்டியவர்களும் விண்ணப்பத்தைக் கைவிட வேண்டாம். ‘பணம் வேண்டாம்’ என்று குறித்து அனுப்பினாலும், வேலைக்குப் போகாமல் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் தம் பெயரில் விண்ணப்பித்திருந்தால், குழந்தைக்கு 12 வயதாகும்வரை அரசு ஓய்வூதியத்துக்கான ஆண்டுகள் அவர் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும்.