ஐஎக்ஸா, டைகானா, ஈக்யூஎஸ்ஸா? முதலில் ரேம்பை அளந்து பாருங்கள்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ மாடிக் குடியிருப்பு. கார் நிற்பது நிலக்கீழ்த் தளத்தில். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை யாழ்ப்பாணம், ஏப்ரலில் நுவரெலியா. இப்படியான குடும்பம் ஆடம்பர மின்சாரக் கார் எடுக்கப் போனால் பேச்சில் அடிபடுவது மூன்று பெயர்: பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ், போர்ஷே டைகான், மெர்சிடிஸ் ஈக்யூஎஸ். என் தேர்வு ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ் 40. அதிலும் சாதாரண இரும்புச் சுருள் ஸ்பிரிங்கும் 20 அங்குல வீலும் போட்ட மொடல். விற்பவர்கள் "அது பேஸ் மொடல் சேர், கொஞ்சம் மேலே போங்கோ" என்பார்கள். போகத் தேவையில்லை. ஏன் என்பதற்குத்தான் இவ்வளவும்.

எல்லாருக்கும் தெரிந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். ஓட்டுகிற சுகத்தில் டைகானை மற்ற இரண்டும் நெருங்காது. பின்சீட்டில் சாய்ந்து போகிற சுகத்தில் ஈக்யூஎஸ்தான் ராஜா. காற்றுத் தடைக் குணகம் 0.20 (குறைந்தால் நல்லது), 2024 க்கு முந்திய கார்களின் பெரிய பற்றரியில் பாவிக்கக்கூடியது 107.8 யூனிட் (கிலோவாட்-மணி). ஐஎக்ஸ் இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் அவலட்சணமான முகத்தோடு. நீள அகலத்தில் ஐஎக்ஸும் டைகானும் அண்ணன் தம்பி: இரண்டும் கிட்டத்தட்ட 4.95 மீற்றர் நீளம், 1.97 மீற்றர் அகலம். பார்க்கிங் கோடு 2.4 மீற்றர் அகலம் என்றால் பக்கத்துக்கு 21 சென்ரிமீற்றர்தான் மிஞ்சும். தூண் ஓரத்து இடம் கிடைத்தவர் ஒரு பக்கக் கதவை மறந்துவிட வேண்டியதுதான். ஈக்யூஎஸ் 5.2 மீற்றர், மூக்கோ வாலோ வழியில் நீட்டிக்கொண்டு நிற்கும்.

விலையை இங்கே எழுதி வைத்தால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். வரியின் போக்கு மட்டும் போதும். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தபின், மின்சாரக் காருக்கான உற்பத்தி வரி மோட்டாரின் கிலோவாட்டையும் காரின் வயதையும் பார்த்துப் போடப்படுகிறது. ஆடம்பர வரி அதற்கு மேல். ஐஎக்ஸ் 40 இன் மோட்டார் 240 கிலோவாட், ஐஎக்ஸ் 50 இனது 385. அந்த 145 கிலோவாட்டுக்கும் தனித்தனியாக வரி கட்டிவிட்டு, காலி வீதியின் நெரிசலில் ஓட்டோவுக்குப் பின்னால் மணிக்கு 15 கிலோமீற்றரில் ஊர்வதில் என்ன இலாபம்? 2025இல் 40 இன் இடத்துக்கு 300 கிலோவாட் உள்ள 45 வந்துவிட்டது. ஆகவே 40 வேண்டுமென்பவர் மூன்று வயதுக்குள் இருக்கும் பாவித்த இறக்குமதியைத்தான் தேட வேண்டும்.

அங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்ததா, பிரித்தானியாவிலிருந்து வந்ததா? இரண்டுமே வலப்பக்க ஸ்டியரிங்தான். ஆனால் ஜப்பான் காரில் விரைவு சார்ஜுக்கு சாடெமோ வாய், வீட்டுச் சார்ஜுக்கு டைப் 1. டைப் 1 ஒரு பேஸ் மின்சாரம் மட்டும் எடுக்கும். வீட்டுக்குத் த்ரீ பேஸ் இணைப்பு எடுத்து வைத்திருந்தாலும் 11 கிலோவாட் கிடைக்காது. பிரித்தானியக் காரில் அவற்றின் இடத்தில் முறையே சிசிஎஸ் 2, டைப் 2. சார்ஜ் மூடியைத் திறந்து பார்க்காமல் முற்பணம் கொடுக்கவே கூடாது.

சார்ஜ் கணக்கும் 40 க்குச் சாதகமாகத்தான் வருகிறது. மலிவான இரவு நேரக் கட்டணம் பத்தரையிலிருந்து காலை ஐந்தரை வரை, ஏழு மணித்தியாலம். த்ரீ பேஸ் இணைப்பில் 11 கிலோவாட் வீதம் 77 யூனிட் இழுத்தால், சார்ஜில் போகும் இழப்புக் கழித்து ஏறத்தாழ 70 யூனிட் பற்றரிக்குள் சேரும். ஐஎக்ஸ் 40 இன் பாவிக்கக்கூடிய பற்றரி 71 யூனிட். வெறுமையிலிருந்து நிறையும்வரை ஒரே இரவு. ஒரு பேஸ் 30 அம்பியர் வீட்டில் 16 அம்பியரில் வைத்தால் அதே ஏழு மணித்தியாலத்தில் 25 யூனிட் சொச்சம். கொழும்புக்குள் இரண்டு நாள் ஓட அது காணும். 32 அம்பியரில் வைத்துவிட்டு இரண்டு ஏசியும் கீசரும் போட்டால் மெயின் சுவிட்ச் விழும், வேறொன்றும் இல்லை. வயர் இழுப்பவரிடம் ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: சார்ஜருக்குப் போடும் ட்ரிப் சுவிட்ச் எந்த வகை? சாதாரண 'ஏசி' வகை ட்ரிப் (எயர்கொண்டிஷன் அல்ல, ட்ரிப்பின் வகைப் பெயர்), நேர்மின் (டிசி) கசிவு வந்தால் குருடாகிவிடும், விழ வேண்டிய நேரத்தில் விழாது. பி வகை வேண்டும். அல்லது 6 மில்லியம்பியர் நேர்மின் கசிவைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு சார்ஜருக்குள்ளேயே இருந்தால் ஏ வகை போதும்.

டைகானின் 800 வோல்ட் பெருமை இங்கே பாதியாகக் கரைந்துவிடுகிறது. தகுந்த நிலையத்தில் 2024 க்கு முந்திய டைகானே 270 கிலோவாட் வரை எடுக்கும், உண்மை. ஆனால் 400 வோல்ட் சார்ஜரில் மாட்டினால் அந்தக் கார்கள் உள்ளே இருக்கும் பூஸ்டர் வழியாகத்தான் எடுக்க வேண்டும். 150 கிலோவாட் பூஸ்டரை மேலதிகக் காசு கொடுத்துப் போட்டிராவிட்டால் எல்லை 50 கிலோவாட். யாழ்ப்பாணப் பயணத்தில் வழியில் நிற்கும்போது, பக்கத்தில் அரை விலைக்கு வாங்கிய கார் அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்.

இனித்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் சங்கதி: காரின் அடிப்பக்கம்.

வெள்ளவத்தைப் பக்கத்து ஒடுங்கிய காணிகளில் எழும்பிய மாடிகளின் ரேம்ப், இடம் பத்தாமல் செங்குத்தாக இறங்கும். மேலே வீதி மட்டத்தோடு சேரும் இடத்தில் சரிவு வளைந்து சேராமல் மடிப்பு மாதிரி முறிந்து நிற்கும். முன் சில்லு அந்த மடிப்பைத் தாண்டிவிட்டது, பின் சில்லு இன்னும் சரிவில் இருக்கிறது, அந்தக் கணத்தில் காரின் வயிறு எவ்வளவு இடம் விடுகிறது என்பதுதான் கேள்வி. இதை அளக்க ஒரு மீற்றர் நேர்ப்பலகையும் மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டமும் போதும். பலகையின் ஒரு முனையைச் சரிவில் ஊன்றுங்கள், மற்ற முனையை மட்டம் வரும்வரை உயர்த்துங்கள், அந்த முனைக்குக் கீழே தரைவரை எத்தனை சென்ரிமீற்றர் என்று பாருங்கள். 12.5 வந்தால் எட்டுக்கு ஒன்று சரிவு, 7 பாகை. 16.7 வந்தால் ஆறுக்கு ஒன்று, ஒன்பதரைப் பாகை. 20 வந்தால் ஐந்துக்கு ஒன்று, 11 பாகைக்கு மேல்.

இப்போது காரின் பக்கம். டைகானின் சில்லிடைத் தூரம் 2.9 மீற்றர், அடி உயரம் சுமார் 13 சென்ரிமீற்றர். தட்டாமல் தாண்டக்கூடிய மடிப்பு சுமார் 10 பாகை. இரும்பு ஸ்பிரிங் போட்ட டைகானில் நான்கு பேரும் சூட்கேசும் ஏறி இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தாழ்ந்தால் அது எட்டுச் சொச்சம். ஆறுக்கு ஒன்று ரேம்பில் கட்டாயம் உரசும். அதனால் டைகானுக்குக் காற்று சஸ்பென்ஷன் ஆடம்பரமில்லை, பிழைக்கும் வழி: சுமையைச் சமன் செய்யும், பொத்தானை அழுத்தினால் கொஞ்சம் உயர்த்தியும் கொடுக்கும். ஈக்யூஎஸ் 3.21 மீற்றர் சில்லிடைத் தூரமுள்ள தாழ்ந்த கார், அதற்கும் இதே விதிதான். அதில் காற்று சஸ்பென்ஷன் கூடவே வருகிறது, வேண்டாமென்று சொல்லவும் முடியாது. ஐஎக்ஸ் 40 இன் அடி உயரம் சுமார் 20 சென்ரிமீற்றர், சில்லிடை 3 மீற்றர்: 15 பாகை. முழுச் சுமையிலும் 13 நிற்கும். வெறும் இரும்பு ஸ்பிரிங்கோடு.

காற்று சஸ்பென்ஷனில் அப்படி என்ன குறை என்று கேட்கலாம். புதிதாக இருக்கும்வரை ஒன்றுமில்லை. ரப்பர்ப் பைகள், கொம்பிரசர், வால்வுத் தொகுதி, ஒவ்வொரு மூலைக்கும் உயரம் பார்க்கும் சென்சர். ரப்பரின் மடிப்பில் மணலும் உப்பும் சேர்ந்து மெல்லிய வெடிப்பு விழும், கார் வழக்கமாக நிற்கும் உயரத்தில் மடிப்பு எங்கே இருக்கிறதோ சரியாக அங்கே. கசிவை ஈடுகட்டக் கொம்பிரசர் அடிக்கடி ஓடும், சூடாகும், ஈரத்தை உறிஞ்சும் பகுதி நிறைந்து, தண்ணீர் வால்வுக்குள் போகும். பையை மாற்றியிருக்க வேண்டிய நேரத்தில் மாற்றாதவர் கடைசியில் பை, கொம்பிரசர், வால்வு மூன்றையும் மாற்றுவார். மெரின் டிரைவ் ஓரத்தில் கடற்காற்றில் நிற்கும் காருக்கு இந்த நாள் முந்தியே வரும்.

பாவித்த டைகான் அல்லது ஈக்யூஎஸ் பார்க்கப் போகிறவர்கள் ஓர் இரவு அவகாசம் கேளுங்கள். மட்டமான தரையில் நிறுத்தி, நான்கு மூலையிலும் சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை அளவு நாடா பிடித்து எழுதுங்கள். காலையில் காரைத் திறக்கமுன், கதவில் கைவைக்கமுன், மறுபடி அளவுங்கள். திறந்தால் அது தன்னைத்தானே உயர்த்திக்கொள்ளும், களவு தெரியாது. ஒரு மூலை ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கியிருந்தால் அந்த மூலையில் கசிவு.

வயிறு தட்டினால் என்ன ஆகும்? பெற்றோல் காரில் சைலன்சர் நசுங்கும், கராஜில் தட்டி எடுப்பார்கள். இங்கே அடியில் இருப்பது பற்றரி. டைகானின் பெரிய பற்றரி மட்டும் 630 கிலோ. மூடியில் பள்ளம் விழுந்தால் அதை இறக்கி, காற்றழுத்தம் கொடுத்து நீர்க்காப்புச் சரியா என்று பார்த்துத்தான் திருப்பிப் பூட்ட வேண்டும். சாதாரண சேர்விஸ் ஸ்டேஷனில் நடுத்தூண் லிஃப்டில் ஏற்றிக் கழுவக் கொடுப்பதும் இதே ஆபத்துத்தான்: லிஃப்டின் கைகள் ஜக் புள்ளியில் உட்காராமல் பற்றரித் தட்டில் உட்காரும். செம்மஞ்சள் நிற வயர்களின் இணைப்புகளில் அழுத்தத் தண்ணீர் பிடிக்க விடவும் கூடாது.

டயரையும் இதோடு பாருங்கள். ஐஎக்ஸ் 40 இன் 235/60 ஆர் 20 டயரில் ரிம்முக்கும் வீதிக்கும் நடுவே 14 சென்ரிமீற்றர் ரப்பர். டைகானின் 21 அங்குலப் பின் டயர் 305/30, வெறும் 9 சென்ரிமீற்றர். இரண்டு தொன்னுக்கு மேல் பாரத்தோடு மழைநீர் மூடிய குழியில் இறங்கினால் ரிம் வெடிக்கும், அல்லது பக்கச் சுவர் கிழியும். முன்னும் பின்னும் வேறு அளவு என்பதால் மாற்றிப் போட்டு ஆயுளைக் கூட்டவும் முடியாது. மூன்றிலும் ஸ்பெயார் வீல் இல்லை. ஒட்டுப்பசை கிட் பக்கச் சுவர்க் கிழிவுக்கு உதவாது. யாழ்ப்பாண வீதியில் பிள்ளையார் கோயிலுள்ள முறிகண்டிக்கு அந்தப் பக்கம் இரவில் இப்படி ஆனால், பிள்ளையாருக்கு அடுத்தபடியாக நம்பக்கூடியது தட்டு லொறிதான். சில்லு தரையில் உருள இழுத்துப் போகக்கூடாது.

ஐஎக்ஸைப் புகழ்ந்தே எழுதிவிட்டதால் அதன் குறைகளையும் கேளுங்கள். முகத்தில் உள்ள பெரிய இரட்டைக் கிரில் வெறும் அலங்காரமில்லை, கமராவும் ராடாரும் அதற்குள். சிறு கீறல் தானாக ஆறும் பூச்சு உண்டு, ஆனால் ஓட்டோவின் பின் பம்பர் முட்டினால் கீறலோடு நிற்காது. உடற்கூட்டில் கார்பன் நார்ப் பாகங்கள் கலந்திருக்கின்றன. பக்கச் சட்டத்தில் பலமான அடி விழுந்தால் தட்டி நிமிர்த்தும் டின்கரிங் வேலை செல்லாது, வெட்டி ஒட்டத் தெரிந்த இடம் வேண்டும். பொனெட்டை உரிமையாளர் திறக்க முடியாது, கண்ணாடி கழுவும் தண்ணீரை முன் இலச்சினையை அழுத்தித்தான் ஊற்ற வேண்டும். பற்றரி உத்தரவாதமும் 8 வருஷம் அல்லது 160,000 கிலோமீற்றர். டைகானுக்கும் அதே. ஈக்யூஎஸ்ஸுக்கு 10 வருஷம் அல்லது 250,000, இந்த ஒன்றில் மெர்சிடிஸ் தெளிவாக முன்னுக்கு நிற்கிறது. வெளிநாட்டில் வாங்கிய காருக்கு அந்த உத்தரவாதத்தை இங்கே ஏற்பார்களா என்பதைச் செசி இலக்கத்தைக் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பழைய டைகானானால் பற்றரி மொடியூல், முன் பிரேக் ஹோஸ் இரண்டுக்கும் வந்த திருப்பியழைப்பு வேலை முடிந்த தாளையும் கேளுங்கள்.

தூரம் பற்றிய பயம் தேவைக்கு மேல். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஆட்களோடு 2.7 தொன் காரை அவ்வளவு உயரம் தூக்க 15 யூனிட் அளவில் போகும், 170 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு 34 யூனிட் வைத்தால் மொத்தம் 49. 71 இல் மிச்சம் இருக்கிறது, இறங்கும்போது ஏறியதில் பாதிக்கு மேல் திரும்பி வரும். யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர், வழியில் ஒரு நிறுத்தம் கட்டாயம். 60 கிலோவாட் சார்ஜரில் பத்திலிருந்து எண்பது வீதம் வர ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு, சாப்பாட்டு நேரம். அந்த ஒரு நிறுத்தமும் கூடாது என்பவர் ஈக்யூஎஸ் எடுக்கலாம், ரேம்ப் இல்லாத தனி வீடு இருந்தால்.

திரும்ப விற்பதைப் பற்றி அடித்துச் சொல்ல ஆளில்லை. ஐஎக்ஸ் 2021இல் வந்த கார், எட்டு வருஷம் ஆன ஒன்று உலகத்திலேயே இன்னும் கிடையாது. என் ஊகம், உத்தரவாதம் முடிந்த காரைப் பார்க்க வருபவர் முதலில் குனிந்து அடியைத்தான் பார்ப்பார். கடலோரத்தில் நிறுத்துகிறவர்கள் பின் சில்லுகளின் பிரேக் டிஸ்க்கையும் பாருங்கள். மின்சாரக் கார் பெரும்பாலும் மோட்டாரிலேயே வேகம் குறைப்பதால் டிஸ்க் தேயாமல் துருப்பிடிக்கும். வாரத்துக்கொரு தடவை, பின்னால் யாரும் வராத நேர் வீதியில் 40 கிலோமீற்றர் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி நாலைந்து தரம் நன்றாகப் பிரேக் பிடித்தால் துரு உரிந்துவிடும். பிரேக் எண்ணெயை மட்டும் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கொரு தரம் மாற்றுங்கள்.