மேக்ரோ எக்ஸ்ஆர்எஃப் ஸ்கேனர்: பழைய பெயின்டிங்ல சில வருஷம் ஓட்டிப் பாத்த அனுபவம்

எங்க ஸ்டுடியோவுக்கு மேக்ரோ எக்ஸ்ஆர்எஃப் ஸ்கேனர், அதாவது படத்து மேல எக்ஸ்ரே பாய்ச்சி, திரும்பி வர்ற சிக்னலை வச்சு தனிமங்களைக் காட்டுற மெஷின், வந்து சில வருஷம் ஆகுது, நான் அதுல போடுறது பெரும்பாலும் 17-ம் நூற்றாண்டு டச்சு பெயின்டிங் தான். வாங்கலாமா, வாடகைக்கு எடுத்தா போதுமான்னு யோசிக்கிறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், இது நிறமி பேரைச் சொல்லாது, அந்தப் புள்ளில என்ன தனிமம் இருக்குன்னு தான் சொல்லும். மிச்சத்தை நாம தான் கண்டுபிடிக்கணும்.

ஆனா அந்த அளவுக்கே அபாரமா வேலை செய்யுது. பெயின்ட்டைச் சுரண்டி சாம்பிள் எடுக்க வேண்டாம், ஸ்கேனரோட ஹெட் படத்தைத் தொடாம ரொம்ப கிட்ட வரி வரியா நகர்ந்துட்டே போகும், ஒவ்வொரு தனிமத்துக்கும் தனியா ஒரு கருப்பு வெள்ளை மேப் கிடைக்கும். பாதரச மேப்ல உதடும் கன்னமும் பளிச்சுனு தெரிஞ்சா ஜாதிலிங்கச் சிவப்பு, மஞ்சள் துணில ஈயமும் டின்னும் சேர்ந்து வந்தா லெட் டின் மஞ்சள், கோபால்ட்டோட நிக்கலும் ஆர்செனிக்கும் ஒட்டிட்டு வந்தா ஸ்மால்ட், அது இப்ப வெறும் சாம்பலா வெளுத்துப் போயிருந்தாலும் வரைஞ்சப்ப நீலமா இருந்திருக்கும். அந்த மேப் வர்றப்ப இன்னைக்கும் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

பொறுமை வேணும். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துல 2019-ல ரெம்ப்ராண்ட்டோட நைட் வாட்சை ஆராய ஆரம்பிச்சப்ப 56 ஸ்கேன் தேவைப்பட்டுச்சு, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 24 மணி நேரம். சின்ன போர்ட்ரெய்ட்டுக்கே எங்களுக்கு ராத்திரி முழுக்க ஓடும்.

ரொம்ப படுத்துறது ஈயமும் ஆர்செனிக்கும் தான். ரெண்டோட முக்கியமான சிக்னலும் 10.5 கேஇவி (எக்ஸ்ரேயோட ஆற்றலை அளக்குற அலகு) பக்கத்துல ஒண்ணு மேல ஒண்ணு விழும், பழைய பெயின்டிங்ல ஈய வெள்ளை இல்லாத இடமே கிடையாது, அதனால அரிதாரம் மாதிரி ஆர்செனிக் மஞ்சளைத் தேடுறப்ப சாஃப்ட்வேர் தானா போட்டுத் தர்ற மேப்பை அப்படியே நம்பிடாதீங்க, 11.7 பக்கத்துல ஆர்செனிக்குக்கு இருக்குற இன்னொரு சிக்னல், கே பீட்டா பீக்கையும் பாருங்க. செம்பு வந்தாலும் இதே கதை, அசுரைட் நீலமா, மலகைட் பச்சையா, வெர்டிகிரிஸ் பச்சையான்னு ஸ்கேனருக்குத் தெரியாது, எல்லாத்துலயும் செம்பு தான்.

லாபிஸ் கல்லுல இருந்து வர்ற அல்ட்ராமரின் நீலத்துல இது சுத்தமா திணறும். சோடியம், அலுமினியம், சிலிக்கான், கந்தகம் எல்லாம் லேசான தனிமம், அதுங்க சிக்னல் வார்னிஷையும் காத்தையும் தாண்டி வர்றதுக்குள்ள தேஞ்சுடும். அவுரி மாதிரி செடில இருந்து வர்ற சாயத்துக்கு சிக்னலே கிடையாது. வெர்மீரோட முத்துத் தோடு போட்ட பொண்ணு படத்துல பின்னாடி இருந்த பச்சைத் திரை அவுரியும் வெல்ட்ங்கிற செடியோட மஞ்சளும் கலந்தது, 2018-ல நெதர்லாந்து மௌரிட்ஸ்ஹயிஸ் மியூசியத்துல அதை ஆராய்ஞ்சப்ப பல இமேஜிங் முறைகளைச் சேர்த்துத் தான் பாத்தாங்க. கையில இருக்குற காசுக்கு ஒண்ணு தான் முடியும், படத்துல நீலமும் பச்சையும் தான் கேள்வின்னா ஒவ்வொரு புள்ளிலயும் ஒளியோட பல அலைநீளங்களைப் பதியுற ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமராவைத் தான் நான் வாங்கச் சொல்லுவேன்.

எக்ஸ்ரே மேல் லேயரோட நிக்காது, அது வரமும் தொல்லையும். 2008-ல வான்கோவோட புல்வெளிப் படத்தை ஹாம்பர்க்ல சின்க்ரோட்ரான்ல (ரொம்ப வலுவான எக்ஸ்ரே தர்ற பெரிய மெஷின்) வச்சு ஸ்கேன் பண்ணினப்ப ஆன்டிமனியும் பாதரசமும் சேர்ந்து அடியில இருந்த ஒரு பொண்ணு முகத்தை வெளிய கொண்டு வந்துச்சு. அதே காரணத்தால, மேப்ல தெரியுற தனிமம் மேல இருக்கா அடியில இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் யோசிச்சே ஆகணும்.

காலம் கண்டுபிடிக்க டைட்டானியம் மேப் ரொம்ப உதவும், கேம்பென்டாங்க்ங்கிற ஓவியர் பேர்ல 1914-னு போட்டிருந்த போலிப் படம், அந்த வருஷம் இன்னும் புழக்கத்துக்கே வராத டைட்டானியம் வெள்ளையால தான் மாட்டுச்சு. ஆனா காவி மண்ணுலயும் இரும்போட கொஞ்சம் டைட்டானியம் கலந்திருக்கும், அதனால இரும்பு மேப்பையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, வெள்ளையான இடத்துல வலுவா வருதான்னு உறுதி பண்ணிட்டு சந்தேகப்படுங்க.