எச்சமா, பஞ்சுக்குச்சியா: வயல் பறவையின் குடல் பாக்டீரியாவை அறிய எது ஏற்றது?

இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து கொண்டு விதைநேர்த்தி செய்த தானியத்தைத் தின்ற பறவையின் குடலில் என்ன மாறியது என்று பார்க்க, அதைக் கொல்லத் தேவையே இல்லை.

எச்சம் என்றால், வலையில் பிடித்த பறவையைச் சுத்தமான காகிதப் பையில் சில நிமிடம் விட்டால் பெரும்பாலும் போதும். கரும்பகுதியை மட்டும் எடுங்கள். வெள்ளைப் பகுதியின் யூரிக் அமிலம், டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும். அளவு போதுமானால் இரண்டாகப் பிரித்து, ஒன்றை 95% எத்தனாலில் டிஎன்ஏவுக்கும் மற்றதை எதுவும் சேர்க்காமல் உறையவைத்து நஞ்சு ஆய்வுக்கும் வைக்கலாம். ஒரே பறவையில் மருந்தையும் பாக்டீரியாவையும் சேர்த்துப் பார்க்க முடிவது பெரிய பலம். ஆனால் இந்த மருந்து உடலைவிட்டு விரைவில் வெளியேறும். எச்சத்தில் இல்லை என்பதால் பறவை தின்னவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. தரையில் கிடப்பதைத் தொடவே வேண்டாம், மண் பாக்டீரியா கலந்திருக்கும்.

கழிவாயில் பஞ்சுக்குச்சி விட்டு எடுப்பது, எச்சமிடாத பறவைக்கும் கைகொடுக்கும். ஆனால் கிடைக்கும் டிஎன்ஏ சொற்பம். அதனால் ஆய்வு வேதிப்பொருள்களில் உள்ள பாக்டீரியாவே முடிவில் தலைகாட்டும். ஒவ்வொரு மாதிரித் தொகுதியோடும் பறவையைத் தொடாத வெற்றுக் குச்சி ஒன்றையும் சோதிக்க வேண்டும். முட்டைவழியும் அங்கேதான் திறப்பதால் அந்தப் பாக்டீரியாவும் சேரும். சிட்டு போன்ற சிறு பறவைக்குப் பழகாத கை காயமே தரும்.

எங்கள் தேர்வு எச்சம். எதை எடுத்தாலும் மருந்திட்ட விதை விதைத்த வயலுக்கு ஒன்று, மருந்திடாத விதை விதைத்த வயலுக்கு இன்னொன்று என்று கலக்காதீர்கள்: முறையின் வேறுபாடே மருந்தின் விளைவாகத் தோன்றிவிடும்.