முதுகுக்குள் போன தூத்துக்குடி

பாளையங்கோட்டையில் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு, கோவில் கணக்குப் பேரேடு, சர்ச் ஞானஸ்நானப் பதிவேடு, பக்கம் உதிர்ந்த வேதாகமம், இவைதான் என் பிழைப்பு. புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிற ஆள் நான் இல்லை. ஆனால் இந்த ஒரு புத்தகத்தைத் தாள் தாளாகப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டியிருக்கிறேன். வாங்க நினைப்பவர்கள் அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

பொருள் ஒரு பழைய கடல் அட்லஸின் மறுபதிப்பு. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் கப்பல் தலைவராக இருந்த தாப்ரே த மன்வியெத் என்பவர் 1745இல் வெளியிட்ட 'நெப்டியூன் ஓரியண்டல்'. அதையே முப்பது வருடம் திருத்தித் திருத்தி 1775இல் பெரிதாக்கி மறுபடி போட்டார். அசலை வாங்க வேண்டுமென்றால் வீட்டை விற்க வேண்டும். மறுபதிப்பு 6,800 ரூபாய், வெளிநாட்டுத் தபால் செலவு தனி. கெட்டியான நீல அட்டையில் ஓர் உறைப்பெட்டியும் தருகிறார்கள். அச்சிட்டவர்கள் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே தப்பைச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என் கடைக்கு இதைக் கொண்டுவந்தவர் தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் தண்டலாக, அதாவது தலைமை மாலுமியாக, இருந்தவர். எண்பது வயது முடிந்ததற்குப் பேரன் வாங்கிக் கொடுத்த பரிசு. ஒரு கையில் அட்லஸ், இன்னொரு கையில் மக்ரூன் பெட்டி. உட்கார்ந்த உடனே சொன்னார்:

"தம்பி, இதுல எங்க ஊரைக் காணும்."

"சின்ன ஊர்னு விட்டுருப்பாங்க அண்ணாச்சி."

"விடல. உள்ள கெடக்கு. இங்கன பாருங்க."

இலங்கையும் அதற்கு மேற்கே நம் கரையும் வரும் தாளை விரித்தார். இடது பக்கத்தில் குமரி முனையும் மலையாளக் கரையும் இருந்தன. வலது பக்கத்தில் மன்னார் வளைகுடாவும் இலங்கையும். நடுவில் மடிப்பு. இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கிப் பிடித்தால் உள்ளே ஏதோ ஒரு கரைக்கோடு ஓடுவது தெரிந்தது. விட்டால் மூடிக்கொண்டது.

மணப்பாட்டிலிருந்து திருச்செந்தூர், காயல்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி வரை நம் கரை ஏறக்குறைய நேர் வடக்காகப் போகிறது. ஐம்பது கிலோமீட்டருக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. மடிப்பு சரியாக அந்தக் கோட்டின் மேலேயே விழுந்திருக்கிறது. கொஞ்சம் கிழக்கே தள்ளியிருந்தால் போனது வெறும் கடல்தான், யாருக்கும் நஷ்டமில்லை. நம் தலையெழுத்து இப்படி.

இது ஏன் நடந்தது என்பது பைண்டருக்குத் தெரியும். பழைய அட்லஸ்களில் ஒரு வரைபடம் என்றால் ஒரே முழுத் தாள். செப்புத் தகட்டிலிருந்து ஒரே அழுத்தில் எடுத்தது. அதை நடுவில் ஒரு மடிப்பு மடித்து, மடிப்பின் பின்பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு காகிதப் பட்டியை ஒட்டுவார்கள். நூல் ஏறுவது அந்தப் பட்டியில்தான், தாளில் இல்லை. புத்தகத்தைத் திறந்தால் வரைபடம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடக்கும். கப்பலில் அதன்மேல் கோல் வைத்துக் கோடு போட வேண்டும், காம்பஸ் ஊன்ற வேண்டும். படுக்காத அட்லஸால் மாலுமிக்கு என்ன பிரயோஜனம்?

மறுபதிப்பில் அந்த முழுத் தாளை இரண்டு பக்கமாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பிறகு பர்ஃபெக்ட் பைண்டிங். பெயர்தான் பர்ஃபெக்ட். அச்சடித்து மடித்த தாள்களை அடுக்கி, முதுகை மிஷினில் சீவி, சூடான பசையை ஊற்றி அட்டையை ஒட்டுவது. சீவும்போது ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று மில்லிமீட்டர் தூளாகப் போய்விடும். இரண்டு பக்கமும் சேர்ந்தால் ஆறு. கேட்க அற்பமாக இருக்கும். அந்த வரைபடத்தில் ஆறு மில்லிமீட்டர் என்பது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நிலமும் நீரும். மிச்சத்தைப் பசை கவ்விக்கொண்டது. நாவலுக்கு இந்தக் கட்டு போதும், ஓர வெள்ளையில்தான் கை வைக்கும். வரைபடத்துக்கு ஓரம் ஏது?

காகிதமும் சரியில்லை. பளபளக்கும் ஆர்ட் பேப்பர். படம் கண்ணைப் பறிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்ணாச்சி பென்சிலால் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தார், வழுக்கிவிட்டது. அசல் அச்சான காலத்தில் காகிதம் கந்தல் துணியைக் கூழாக்கிச் செய்தது. அதனால்தான் இருநூற்றைம்பது வருடமாகியும் பழுக்காமல் மடங்குகிறது. என் கடையில் கிடக்கும் ஐம்பது வருடப் பழைய பேரேடுகளோ தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகின்றன.

அடுத்தது குறிப்புகள். எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் ஆங்கிலத்தில் நான்கு வரி விளக்கம் இருக்கிறது. ஆழம் குறித்த எண்கள் எல்லாம் ஃபாதம் என்று சொல்லி, ஒன்றுக்கு 1.83 மீட்டர் வீதம் மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். அது இங்கிலீஷ் கணக்கு, ஆறு அடி. வரைந்தவர் பிரெஞ்சுக்காரர். அவர் கணக்கு பிராஸ், அது ஐந்து பிரெஞ்சு அடி, 1.62 மீட்டர். பத்து பிராஸ் ஆழம் என்றால் உண்மையில் பதினாறு மீட்டர் சொச்சம். குறிப்பை நம்பினால் பதினெட்டு மீட்டருக்கு மேல்.

இதை எனக்குக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஆய்வேடு கட்ட வரும் ஒரு புவியியல் பேராசிரியை. அண்ணாச்சியிடம் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை. "பாகத்துக்குக் கால் மீட்டர் பொய் சொன்னா, தோணி பார்ல ஏறிரும்லா" என்றார். பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டு. கையிரண்டையும் விரித்து, இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை ஒரு பாகம் என்று காட்டினார். பிராஸ், ஃபாதம் இரண்டுமே அப்படிக் கை விரித்துப் பிறந்த அளவுகள்தான் என்று பேராசிரியை சொன்னார். ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி, பிறகு இழுத்த கயிற்றைக் கையால் அளக்கிறவனுக்கு வேறு எந்த அளவு தோன்றும்?

அண்ணாச்சியின் பேரனுக்கு வேறொரு குழப்பம். தூத்துக்குடி 78 டிகிரி 8 நிமிடம் கிழக்கு என்பது அவனுக்குத் தெரியும். அட்லஸின் ஓரத்து அளவுப்படி 76க்கும் கீழே வருகிறது. அதைப் போன் மேப்பில் போட்டுப் பார்த்தானாம், கொல்லத்துக்கு மேற்கே அரபிக்கடலுக்குள் நிற்கிறது. "அந்தக் காலத்து மேப் எல்லாம் தப்பு தாத்தா" என்று முடித்துவிட்டான். தப்பு மேப்பில் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் தீர்க்கரேகையைப் பாரிஸிலிருந்து எண்ணினார்கள். பாரிஸ் கிரீன்விச்சுக்கு 2 டிகிரி 20 நிமிடம் கிழக்கே இருக்கிறது. அதைக் கூட்டிக்கொண்டால் ஊர் ஊராக இருக்கும். இந்த ஒரு வரியை அச்சிட்டவர்கள் போட்டிருக்க வேண்டாமா?

இந்தத் தாளுக்குத் தலைப்பிலேயே 'தட்டை வரைபடம்' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார் வரைந்தவர். பூமி உருண்டை என்பதைக் கண்டுகொள்ளாமல் டிகிரிகளைச் சமமாகப் பிரித்த கட்டம். வடக்கே ஐரோப்பாவில் இது பெரிய பிழை தரும். நம் ஊர் எட்டு, ஒன்பது டிகிரியில் இருப்பதால் நூற்றுக்கு ஒன்றுதான் பிசகும். நம்மூருக்கு அது தாராளமாகப் போதும்.

அண்ணாச்சிக்கு இன்னொரு குறை. "காத்து எங்க? வாடைக்கு எப்படி வரணும், சோழகத்துல எங்க ஒதுங்கணும், ஒண்ணுமே இல்லியே." அது அட்லஸின் குற்றம் இல்லை. தாப்ரே அதற்கென்றே வழிகாட்டி நூல் ஒன்றைத் தனியாக எழுதி 1775இல் அட்லஸோடு வெளியிட்டார். மறுபதிப்புக்காரர்கள் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நூலை விட்டுவிட்டார்கள். மருந்துச் சீட்டில்லாமல் மாத்திரை விற்ற கதை.

எல்லாமே குறை என்றும் சொல்ல முடியாது. அச்சு மிகக் கூர்மை. பூதக்கண்ணாடி வைத்தால் மணல்திட்டுக்கு வைத்த புள்ளிகளைக்கூட எண்ணலாம். முன்னுரை நன்றாக இருக்கிறது. 1658இல் தூத்துக்குடியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள், தங்கள் கம்பெனியின் ஆசிய வரைபடங்களைக் கையெழுத்துப் படியாகவே வைத்திருந்தார்களாம். கப்பல் தலைவருக்குக் கொடுத்து, பயணம் முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அவை அச்சில் வந்தது 1753இல்தான், வான் கோய்லன் என்ற டச்சுப் பதிப்பாளரின் அட்லஸில். ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் கதையும் உண்டு. 1786இல் தியேகோ கார்சியாத் தீவில் மோசமான வரைபடத்தால் அவர் இருந்த கப்பல் உடைந்தது. கப்பலின் பெயர் 'அட்லஸ்'. பிற்பாடு அவரே ஆங்கிலக் கம்பெனிக்கு வரைபட அதிகாரியானார்.

சரி, வேலைக்கு வருகிறேன். முழுப் புத்தகத்தின் பசையையும் சூடு காட்டிப் பிரித்தேன். எதிரெதிர் பக்கங்களைச் சேர்த்துப் பின்னால் மெல்லிய தாள் ஒட்டி ஒரே தாளாக்கினேன். பட்டி வைத்து, மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டி, நூலால் தைத்து, காலிகோ முதுகு போட்டேன். நான்கு நாள் ஆனது. மிஷின் சீவித் தள்ளிய ஆறு மில்லிமீட்டருக்கு என்ன செய்வது? பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் இந்த அட்லஸ் முழுவதும் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது. பேராசிரியை அந்தத் தாளை இறக்கிக் கொடுத்தார். ஜங்ஷனில் கட்டட பிளான் எடுக்கும் கடையில் பெரிய தாளில் அடித்து, வேண்டிய கீற்றை மட்டும் வெட்டி நடுவில் பதித்தேன். செலவு 120 ரூபாய். நிறம் ஒரு மாற்றுக் குறைவுதான், உற்றுப் பார்த்தால் தெரியும்.

ஆகவே என் யோசனை: நம் கரை ஒன்றுதான் வேண்டும் என்றால் அந்த 120 ரூபாய் வேலையை மட்டும் செய்து சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். முழு அட்லஸ்தான் வேண்டும் என்றால் 'தைத்த கட்டா, ஒட்டிய கட்டா, திறந்தால் தட்டையாகப் படுக்குமா' என்று எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அண்ணாச்சி வந்து மேஜைமேல் விரித்தார். தானாகப் படுத்தது. மணப்பாட்டில் விரலை வைத்து மெதுவாக வடக்கே நகர்த்தினார். திருச்செந்தூர் நேருக்கு வந்ததும் நிறுத்தி, மேற்கே வெறுமையாக இருந்த நிலத்தைத் தட்டி, "கோபுரத்தையும் பின்னால மலையையும் ஒண்ணு சேத்துப் பாத்துத்தான் நாங்க வருவோம், இவன் மலையை இன்னுங் கொஞ்சம் நல்லா போட்டிருக்கலாம்" என்றார். குமரிப் பக்கம் அதற்குக் கணியம் என்று பெயர். பிறகு தூத்துக்குடியில் விரல் நின்றது. எண்களைப் படித்தார். 1974இல் புதுத் துறைமுகம் வரும்வரை பெரிய கப்பல் எல்லாம் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டுத் தோணிக்காகக் காத்துக் கிடந்த இடம் இதுதான் என்று வட்டம் போட்டுக் காட்டினார். என் கூலி 1,400. 1,500 கொடுத்தார், மீதி வாங்கவில்லை.

பட்டி வைத்ததில் முதுகு அரை அங்குலம் தடித்துவிட்டது. நீல உறைப்பெட்டிக்குள் அட்லஸ் இனி நுழையாது. பெட்டியை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். அதில் இப்போது நூல்கண்டும் மயில்துத்த டப்பாவும் இருக்கின்றன.