கழற்றிவிட்டுக் காட்டுவதா, காட்டிவிட்டுக் கழற்றுவதா?

வீடு விற்பவர்கள் விலை, தரகு, பத்திரம் என்று பெரிய விஷயங்களுக்கே மண்டையை உடைத்துக்கொள்வார்கள். கடைசி வாரத்தில் முகம் திரிவது பெரும்பாலும் ஹாலில் தொங்கிய விளக்கை வைத்துத்தான். "பார்க்க வந்தப்ப இங்க ஒரு விளக்கு இருந்ததே?" என்று வாங்குபவர் கேட்பார். "அது எங்க அம்மா வாங்கிக் கொடுத்தது, அதை எப்படி விட்டுட்டுப் போறது?" என்பார் விற்பவர். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே படும். சிக்கலே அதுதான்.

மாட்டிவைத்த பொருள்களை என்ன செய்வது என்பதற்கு விற்பவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, வீட்டை யாருக்கும் காட்டுவதற்கு முன்பே வேண்டியதைக் கழற்றி, அந்த இடத்தில் சாதாரணமான ஒன்றை மாட்டிவிடுவது. இரண்டு, இருப்பதை இருந்தபடியே காட்டி, "இன்னின்னதை நாங்கள் எடுத்துக்கொள்வோம்" என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டு, சாவி கொடுப்பதற்குள் கழற்றிக்கொள்வது. மூன்று, எதையும் தொடாமல் விட்டுவிட்டு அதற்கும் சேர்த்து விலை பேசுவது.

எங்கள் வீட்டை விற்றபோது முதல் வழியில் போனோம். ஒன்றிரண்டு பொருளை மட்டும் மூன்றாவது வழிக்கு விட்டோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வழியை விற்பவராக நாங்கள் செய்து பார்த்ததில்லை. வாங்குபவராக அதன் மறுபக்கத்தில் நின்றிருக்கிறோம். அந்த அனுபவமும் இந்தச் சாய்வுக்கு ஒரு காரணம்.

கட்டில், சோபா, ஃபிரிட்ஜ் எல்லாம் உங்களோடு வரும், அதில் பேச ஒன்றுமில்லை. கதவு, ஜன்னல், கம்பி, பூட்டு, சாவி எல்லாம் வீட்டோடு நிற்கும், அதிலும் பேச ஒன்றுமில்லை. இந்தியாவின் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 8-ஆம் பிரிவில் இவற்றைப் பெயர் சொல்லியே வீட்டோடு சேர்க்கிறது. கூடவே, வீட்டோடு நிரந்தரமாகப் பயன்படுவதற்காக வைத்த மற்ற பொருள்களும் போகும் என்கிறது. தகராறெல்லாம் இந்த 'மற்ற பொருள்'களில்தான்.

நீதிமன்றங்கள் இதை இரண்டு கேள்விகளால் அளந்து பார்க்கும். பொருள் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது? எதற்காகப் பிணைத்தார்கள்? இங்கிலாந்தில் 1872-இல் முடிந்த ஹாலண்ட் எதிர் ஹாட்ஜ்சன் வழக்கில், ஆலைத் தரையில் ஆணி அடித்து நிறுத்திய தறிகள் கட்டடத்தோடு சேர்ந்தவை என்று தீர்ப்பாயிற்று. அதில் நீதிபதி பிளாக்பர்ன் சொன்ன உதாரணம் இன்றைக்கும் உதவும். சாந்து இல்லாமல் அடுக்கிக் கட்டிய கல் சுவர் நிலத்தோடு சேர்ந்தது. அதே கற்களைக் கட்டுமானக்காரர் தன் முற்றத்தில் சுவர்போல அடுக்கி வைத்திருந்தால் அவை வெறும் சரக்கு. கடன் பாக்கிக்காக வங்கி கைப்பற்றிய ஒரு குடியிருப்பைப் பற்றி அங்கே 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பொருள் பொருளாகப் பிரித்துப் பார்த்தது. குளியலறைக் குழாய்கள், சமையலறை அலமாரிகள், சிங்க் ஆகியவை வீட்டோடு போயின. கம்பளம், திரைச்சீலை, பெரும்பாலான விளக்குகள் உரிமையாளருக்கு வந்தன.

நம் வீட்டு விளக்குக்கும் இதே தீர்ப்புதான் என்று இதை வைத்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. பொருளுக்குப் பொருள் மாறும். ஒன்று மட்டும் எங்கும் கவனிக்க வேண்டியது: கணக்கில் வருவது ஒப்பந்தம் போட்ட அன்று வீடு இருந்த நிலைமை. "பத்திரம் முடியும்வரை வீடு என்னுடையதுதானே" என்ற நினைப்பில் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மேலே சொன்ன அதே சட்டம் 55-ஆம் பிரிவில், ஒப்பந்த நாளிலிருந்து ஒப்படைக்கும் நாள்வரை சொத்தை விவேகமுள்ள உரிமையாளர் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ளும் கடமையை விற்பவர் மேல் வைக்கிறது.

மூன்றாவது வழியை முதலில் முடித்துவிடுகிறேன். அளவெடுத்துச் செய்த பொருளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. மாடுலர் கிச்சனைக் கழற்றி எடுத்துப் போனால் புது வீட்டில் சிங்க் ஒரு பக்கம், அடுப்பு மேடை ஒரு பக்கம் என்று எதுவும் பொருந்தாது. பழையதாக விற்கப் போனால் பலகையின் விலைக்குக்கூடக் கேட்கமாட்டார்கள். சுவரோடு சேர்த்துச் செய்த வார்ட்ரோபும் அப்படியே. சிலிகான் பசையில் ஒட்டிய பெரிய கண்ணாடி இன்னும் மோசம்: பின்னால் கம்பியை விட்டு அறுத்து எடுக்க வேண்டும், பாதி நேரம் கண்ணாடி உடையும், மீதி நேரம் சுவர்ப்பூச்சு கையோடு வரும். எங்கள் குளியலறைக் கண்ணாடியையும் சமையலறை அலமாரிகளையும் அதனால்தான் தொடவில்லை. ஆனால் விலையில் தனியாக எதுவும் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் ஆசையாகச் செய்த அலமாரியை வாங்குபவர் மனதுக்குள் ஏற்கெனவே இடித்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது வழி காகிதத்தில் பார்க்க மிக நேர்மையானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கென்றே டிஏ10 என்ற படிவம் உண்டு. எது வீட்டோடு போகிறது, எது போகவில்லை என்று அறை அறையாக விற்பவர் நிரப்பித் தர வேண்டும். விளக்கைக் கழற்றினால் அந்த இடத்தில் சீலிங் ரோஸ் (கூரையில் வயர் இறங்கும் இடத்தை மூடும் வட்டமான மூடி), வயர், ஹோல்டர், பல்பு ஆகியவற்றைப் பாதுகாப்பாக மாட்டிவிட்டுப் போக வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. அப்படியொரு படிவம் இல்லாத இடத்திலும் ஒப்பந்தத்தோடு ஒரு பட்டியலை இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். கழற்றும் உரிமையைப் பொறுத்தவரை இது சுத்தமான ஏற்பாடு.

இந்த வழி சறுக்குவது கழற்றிய பிறகு. என்னைப் பொறுத்தவரை மூன்று வழிகளையும் ஒப்பிட உட்கார்ந்தால் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: பொருளை எடுத்த இடத்தை யார், எப்போது சரிசெய்வது?

தொங்கு விளக்கையே எடுத்துக்கொள்வோம். இறக்குவது பெரிய வேலையில்லை. மெயினை அணைத்து, மேலே மூடியிருக்கும் தட்டை நகர்த்தி, வயரைப் பிரித்து, கொக்கியிலிருந்து தூக்கினால் வந்துவிடும். அதற்கப்புறம் அண்ணாந்து பாருங்கள். தட்டு மூடியிருந்த இடம் மட்டும் முதலில் அடித்த வெள்ளையில் வட்டமாக நிற்கும், சுற்றிலும் கூரை பழுப்பேறியிருக்கும். அந்த வட்டத்துக்கு மட்டும் பெயின்ட் தொட்டால் கறை இன்னும் பளிச்சென்று தெரியும். கொக்கி இருந்த ஓட்டையை அடைத்து, புட்டி காய்ந்து, உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, முழுக் கூரைக்கும் இரண்டு கோட்டிங் கொடுத்தால்தான் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் காயவிட வேண்டும்.

இதை எப்போது செய்வீர்கள்? இரண்டாவது வழியில் இந்த வேலை வந்து விழுவது சாமான் கட்டும் நாளுக்கும் சாவி கொடுக்கும் நாளுக்கும் நடுவில். அந்த நேரத்தில் பெயின்டரைப் பிடிப்பது கஷ்டம், வந்தாலும் ஏணி போட இடமிருக்காது, உங்கள் மனசும் புது வீட்டுக்குப் போயிருக்கும். நாங்கள் வாங்கிய வீட்டில் பட்டியல் பக்காவாக இருந்தது. விற்றவர் பட்டியலில் இல்லாத ஒரு ஆணியைக்கூட எடுக்கவில்லை. ஆனால் விளக்கு இருந்த இடங்களில் இன்சுலேஷன் டேப் சுற்றிய வயர்கள் தொங்கின. டிவி மாட்டியிருந்த சுவரில் ரால் பிளக் (ஸ்க்ரூ பிடிப்பதற்காகச் செருகும் பிளாஸ்டிக் உறை) பிதுங்கிய ஓட்டைகள். கழற்ற உரிமை உண்டு என்று எழுதினார்களே தவிர, கழற்றிய இடம் எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் ஓட்டைக்காகப் பேரம் பேசுவது இரு தரப்புக்கும் கூச்சமான வேலை.

முதல் வழியில் இந்த வேலைக்கு அவசரமே கிடையாது. அது ஒன்றுக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தோம். எப்படியும் விற்பதற்கு முன் வெள்ளையடிப்போம். பொருள்களை அதற்கு முன் இறக்கிவிட்டால் ஓட்டை அடைப்பதும் அந்தக் கூலியிலேயே சேர்ந்துவிடும். தொங்கு விளக்கின் இடத்தில் பழைய தட்டின் அளவுக்குக் குறையாத அகலத்தில் சாதாரண எல்இடி விளக்கு ஒன்றை மாட்டினோம். எண் பூட்டை எடுத்துவிட்டு, பரணில் கிடந்த பழைய பூட்டைத் திரும்பப் பொருத்தினோம். டிவியைத் தாங்கும் பிராக்கெட்டை எடுத்து ஓட்டையை அடைத்தோம். வந்து பார்த்தவர்கள் கண்ணில் பட்டது எதுவோ அதுவே அவர்களுக்குக் கிடைத்தது. பேச்சுவார்த்தையில் விளக்கு என்ற சொல்லே வரவில்லை.

ஏசியில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஸ்ப்ளிட் ஏசியை அப்படியே பிடுங்கினால் உள்ளிருக்கும் வாயு முழுக்க வெளியேறிவிடும். தெரிந்த மெக்கானிக் என்றால் வெளி யூனிட்டில் மெல்லிய குழாயின் வால்வை முதலில் மூடி, ஏசியைக் குளிர்விக்கும் நிலையில் ஓடவிடுவார். வாயு திரும்பி வெளி யூனிட்டுக்குள் வந்து சேர்ந்ததும் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே நிறுத்திவிடுவார். அப்புறம்தான் குழாயைக் கழற்றுவது. பழைய செம்புக்குழாய் புது வீட்டுத் தூரத்துக்குப் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. சுவரில் குழாய் போன துளை வேறு இருக்கும். அதை இரண்டு பக்கமும் அடைக்காவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே வரும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்து, பழைய ஏசியை வீட்டோடு விட்டுவிட்டு, புதிதாக வாங்கியதை மட்டும் எடுத்தோம்.

முதல் வழியில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. வீடு விலை போகும்வரை நீங்களே ஏசி இல்லாத அறையில், மொட்டை விளக்கின் கீழ் குடியிருக்க வேண்டும். விற்பனை இழுத்துக்கொண்டே போனால் இது எரிச்சலாகிவிடும். மாற்றுப் பொருள் வாங்கும் செலவும் உங்கள் தலையில்தான். அலங்காரம் குறைந்த வீட்டுக்கு விலை குறையுமா என்பதற்கு என்னிடம் நேர்மையான பதில் ஒன்றுதான்: ஒரே ஒரு வீட்டை விற்றவன் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அப்புறம் புகைப்படம். கழற்றுவதற்கு முன் எடுத்த படங்கள் தரகரின் போனில் சுற்றிக்கொண்டிருந்தால் இவ்வளவு செய்ததும் வீண். வாங்குபவர் அந்தப் படத்தைக் காட்டித்தான் கேட்பார். வெள்ளையடித்த பிறகு புதிதாக எடுத்துக் கொடுத்து, பழையதை அழிக்கச் சொல்லுங்கள்.

கூரை மேல் சோலார் பலகை இருந்தால் முதல் வழியை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன். எங்களுக்கு அது இருந்ததில்லை. கூரையில் துளையிட்டுப் பொருத்திய எதையும் எடுத்தால் நீர்க்கசிவுக்கு வழி திறக்கும், மின் வாரியத்தோடு போட்ட இணைப்பு ஒப்பந்தமும் இருக்கும். இரண்டையும் பார்த்தால் வீட்டோடு விடுவதுதான் எனக்கு நியாயமாகத் தோன்றுகிறது. கடனிலோ வாடகையிலோ இருக்கும் பொருள் என்றால் அதை வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லியாக வேண்டும். செடிகளில் தொட்டியில் இருப்பது உங்களுடையது, மண்ணில் வேர் விட்டது வீட்டோடு போகும். ஆசைப்பட்ட ரோஜாவை வீட்டைக் காட்டுவதற்கு ரொம்ப முன்பே தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். பூக்கும் காலத்தில் தோண்டினால் பிழைப்பது சந்தேகம்.

முதல் வழியில் போனாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்வது நல்லது: இன்றைய தேதியில் வீட்டில் பொருத்தியிருப்பவை அனைத்தும் அப்படியே வாங்குபவருக்கு என்று. அதோடு, விட்டுப் போகும் பொருளுக்கு உரியவற்றைச் சாமானோடு கட்டிவிடாதீர்கள். ஏசி ரிமோட், கீசரின் வாரன்டி அட்டை, மோட்டார் அறைச் சாவி, மீந்துபோன டைல்ஸ், சுவருக்கு அடித்த பெயின்டின் நிற எண் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, சமையலறை இழுப்பறையில் வைத்துவிட்டு வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.