எக்ஸ்டென்ஷனுக்குக் காசு வாங்கலாமா, சும்மா கொடுக்கலாமா?

உச்சிப்புளியில் வீட்டிலிருந்தபடியே புரோகிராம் எழுதுகிறவன் நான். விண்ணப்பத் தளங்கள் கேட்கும் கேபி அளவுக்குப் போட்டோவையும் கையெழுத்தையும் அந்தப் பக்கத்திலேயே சுருக்கிக் கொடுக்கும் குரோம் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் சின்ன புரோகிராம்) ஒன்றை இரண்டு வருஷம் இலவசமாக விட்டிருந்தேன். போன வருஷத்திலிருந்து பிரவுசிங் சென்டர்களிடம் வருஷத்துக்கு 300 ரூபாய் வாங்குகிறேன். என் சாய்வு காசு வாங்கும் பக்கம்தான்.

இலவசமென்றால் ஆள் சீக்கிரம் சேரும். கைச்செலவும் சொற்பம்: எக்ஸ்டென்ஷன்களை வெளியிடும் கூகுளின் வெப் ஸ்டோரில் பதிவுக்கட்டணம் 5 டாலர், அதுவும் ஒரே தடவை.

சிக்கல் பராமரிப்பில் இருக்கிறது. ஒரு நாள் ராத்திரி ஒன்பதரைக்குத் தங்கச்சிமடத்திலிருந்து சென்டர் நடத்தும் அக்கா கூப்பிட்டார். "தம்பி, போட்டோ ஏற மாட்டேங்குது. புள்ள எதிர்ல உக்காந்து அழுவுது, இன்னைக்குத்தான் கடைசி நாளு." விண்ணப்பத் தளத்தில் போட்டோ ஏற்றும் கட்டத்தின் ஐடியை, அதாவது நிரலில் அந்தக் கட்டத்தை அடையாளம் காட்டும் பெயரை, மாற்றியிருந்தார்கள். என் பக்கம் ஒரு வரித் திருத்தம்தான். ஆனால் அது ஸ்டோர் பரிசீலனை தாண்டி அவர் கணினிக்குப் போகும்வரை பொறுக்க நேரமில்லை. போட்டோவை வாட்ஸப்பில் வாங்கி நானே சுருக்கி அனுப்பினேன். இப்படி மாதம் ஒன்றிரண்டு வரும்.

அப்புறம் எக்ஸ்டென்ஷன் எழுதுவதற்கான குரோமின் புது விதிமுறை, மேனிஃபெஸ்ட் வி3, வந்தது. பின்னணியில் ஓடும் பகுதியையெல்லாம் அது கேட்கும் சர்வீஸ் வொர்க்கர் வடிவத்துக்கு மாற்றி எழுத மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரமும் வருமானமில்லை. எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, பெயின்ட் அடிக்க அது தோதான நேரம். எக்ஸ்டென்ஷனுக்கு அப்படியொரு ஓய்வு கிடையாது, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டையை அடைக்க வேண்டும்.

ஒரே தடவை 500 ரூபாய் வாங்கலாமே என்றும் யோசித்தேன். முதல் வருஷம் இனிக்கும், மூன்றாம் வருஷமும் அதே ஆளுக்கு வேலை செய்துகொண்டிருப்போம். நன்கொடைப் பொத்தான் வைத்ததில் ஒரு வருஷத்தில் நாலு பேர் கொடுத்தார்கள்.

எக்ஸ்டென்ஷனை விலைக்குக் கேட்டும் மெயில் வந்தது. பயன்படுத்தாத டேப்களைத் தூங்கவைக்கும் கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷனின் கதை தெரிந்தவர்களுக்கு இதில் பயம் இருக்கும். 2020-ல் அதை எழுதியவர் வேறு கைக்குக் கொடுத்தார். 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் நீக்கியது. என் எக்ஸ்டென்ஷன் வழியாகப் போவது ஊர்ப் பிள்ளைகளின் முகமும் கையெழுத்தும். விற்கச் சம்மதமில்லை.

வெப் ஸ்டோரில் இருந்த கட்டண வசதியை 2021-ல் நிறுத்திவிட்டதால் வசூல் நம் பாடு. யுபிஐ க்யூஆரில் பணம் வந்ததும் எக்ஸ்டென்ஷனைத் திறக்கும் லைசென்ஸ் கீயை நானே அனுப்புகிறேன். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர் அந்தக் கீயைத் தாண்டிவிடலாம், அவர்களைத் துரத்துவதில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை பயன்படுத்தும் மாணவர்களுக்கு இன்றும் இலவசம்தான்.

இதுவரை 38 சென்டர்கள் கட்டியிருக்கின்றன. பலர் விட்டுப் போனார்கள், அதையும் மறைக்கவில்லை. என் அனுபவம் ஒரு வருஷமும் ஒரு மாவட்டமும்தான். லட்சம் பேர் பயன்படுத்துகிற, வெளிநாட்டுக் கார்டில் பணம் வருகிற எக்ஸ்டென்ஷனுக்கு இதே கணக்கு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

தங்கச்சிமடம் அக்கா போன வாரம் புதுப்பித்தார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "பணம் போட்டுட்டேன் தம்பி. இப்ப போட்டோவையும் கையெழுத்தையும் ஒரே படமா கேக்குறாங்க, அதையும் சேத்து விடு." சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.