ஸ்விட்ச் 2-க்கு அடுத்த வடிவம்: கையில் வைத்துப் பழகியதிலிருந்து ஒரு கணிப்பு

கையிலும் டிவியிலும் ஆடக்கூடிய நிண்டெண்டோவின் கேம் கருவி ஸ்விட்ச் 2-ஐ இப்போதே வாங்கலாமா, புது வடிவம் வரும்வரை பொறுக்கலாமா? என்னைத் தெரிந்தவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. நிண்டெண்டோவின் கையடக்கக் கருவிகளை கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி காலத்திலிருந்து புழங்கி வருகிறேன். டிஎஸ் லைட், 3டிஎஸ் எக்ஸ்எல், முதல் ஸ்விட்ச், தானே ஒளிரும் ஓலெட் திரையோடு வந்த ஸ்விட்ச், இப்போது ஸ்விட்ச் 2. இத்தனையும் கையில் இருந்ததில் ஒன்று உறுதியாகிவிட்டது. இவர்களுடைய முதல் மறுவடிவம் வேகத்துக்காக வருவதில்லை. கை, கண், பேட்டரி இந்த மூன்றின் குறையைத் தீர்க்கத்தான் வருகிறது.

2001-இல் வந்த கேம்பாய் அட்வான்ஸின் திரையில் விளக்கே கிடையாது. வெளிச்சம் பார்த்து உட்கார்ந்துதான் ஆட வேண்டும். 2003-இல் எஸ்பி வந்தபோது மடக்கும் உடல், திரைக்கு விளக்கு, சார்ஜ் செய்யும் பேட்டரி எல்லாம் கிடைத்தன. உள்ளே இருந்த பிராசஸர் மட்டும் அதே பழையது. 2004-இன் டிஎஸ், 2006-இல் டிஎஸ் லைட் ஆனபோது உடல் இளைத்தது, திரை பளிச்சென்றானது, வேகம் கூடவில்லை. 2011-இன் 3டிஎஸ் அடுத்த ஆண்டே எக்ஸ்எல் ஆனபோது திரைப்பரப்பு 90 சதவீதம் பெருகியது, அவ்வளவுதான். வேகம் கூடியது டிஎஸ்ஐ, நியூ 3டிஎஸ் போன்ற பிந்தைய சுற்றுகளில்தான். அந்தக் கூடுதல் வேகம் இல்லாமல் ஓடாத கேம்களும் மிகச் சிலவே.

ஸ்விட்ச் கதை இன்னும் தெளிவான பாடம். முதல் ஸ்விட்ச் 2017 மார்ச் 3 அன்று வந்தது. 2018-இல் வந்த ஒரு சிஸ்டம் அப்டேட்டைப் பிரித்துப் பார்த்தவர்கள், அதற்குள் 'மரிகோ' என்ற பெயரில் வேறொரு சிப்பின் தடயத்தைக் கண்டார்கள். அதே ஆண்டு, முதல் ஸ்விட்சில் இருந்த டெக்ரா எக்ஸ்1 சிப்பில், கருவியைத் தொடங்கி வைக்கும் பூட் பகுதியில், மென்பொருளால் அடைக்கவே முடியாத பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியானது. அப்போதே சிப் மாறியாக வேண்டும் என்பது முடிவான மாதிரிதான். 2019 ஜூலையில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு அளித்த மனுவில், சிப்பையும் சேமிப்பு நினைவகத்தையும் மாற்றுவதாக நிண்டெண்டோவே எழுதியிருந்தது. ஆகஸ்டில் புது ஸ்விட்ச் கடைக்கு வந்துவிட்டது. வெளித்தோற்றம் அதே, 4310 எம்ஏஎச் பேட்டரியும் அதே. ஆனால் 20 நானோமீட்டர் சிப் 16 நானோமீட்டருக்கு வந்ததால் (இந்த எண் குறைந்தால் மின்சாரச் செலவும் பொதுவாகக் குறையும்), இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் ஓடியது நாலரை முதல் ஒன்பது மணி நேரம் ஓடியது.

எண்ணாகப் படிப்பது வேறு, பயணத்தில் உணர்வது வேறு. 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' ஆடினால் முதல் மாடல் சுமார் 3 மணி நேரம், புது சிப் மாடல் ஐந்தரை மணி நேரம் என்பது நிண்டெண்டோ தந்த கணக்கு. வைகை எக்ஸ்பிரஸில் எழும்பூரில் ஏறி ஆட ஆரம்பித்தால், முதல் கணக்கு விருத்தாசலத்தை ஒட்டி முடிந்துவிடும். இரண்டாவது திருச்சியைத் தாண்டியும் இழுக்கும். என் ஓலெட் ஸ்விட்சில் இருப்பதும் அதே புது சிப்தான். திருச்சியில் இறங்கி டீ குடித்துவிட்டு வந்து மறுபடி கையில் எடுத்தால் சார்ஜ் மிச்சம் இருக்கும். ஒரு மறுவடிவத்தின் பெருமையை இதைவிட எளிதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2019 செப்டம்பரில் ஸ்விட்ச் லைட் வந்தது. ஐந்தரை அங்குலத் திரை, 275 கிராம். அக்கா மகனுக்கு வாங்கிக் கொடுத்தேன். "மாமா, இதை டிவில போட முடியாதா?" என்று முதல் நாளே கேட்டான். முடியாது; லைட்டின் மலிவு வந்ததே அதை விட்டுக்கொடுத்ததில்தான். ஆனாலும் சின்னக் கைக்கு அதுபோல் பொருந்திய கருவி இன்னொன்றை நான் பார்க்கவில்லை.

2021-இல் 'ஸ்விட்ச் ப்ரோ' வரப்போகிறது, டிவியில் 4கே காட்டும் என்று ஊரெல்லாம் பேச்சு. அக்டோபரில் வந்தது ஓலெட் மாடல்: ஏழு அங்குலத் திரை, அகலமான ஸ்டாண்டு, 64 ஜிபி. சிப் மாறவில்லை. திரையைப் பற்றிய செய்தி பலித்தது, 4கே பற்றியது பலிக்கவில்லை. 4கே வருவதற்கு 2025 ஜூன் 5 வரை, அதாவது ஸ்விட்ச் 2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே இனி எங்காவது 'ஸ்விட்ச் 2 ப்ரோ' என்று படித்தால், அதில் வேகம் பற்றிய வரிகளைத் தள்ளிவிட்டு, திரை, பேட்டரி, எடை பற்றிய வரிகளை மட்டும் படியுங்கள்.

இப்போது கையில் இருக்கும் கருவிக்கு வருகிறேன். காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் ஜாய்கான்களை, அதாவது இரு பக்கத்துக் கட்டுப்பாட்டுப் பிடிகளை, மாட்டுவதும் கழற்றுவதும் தினமும் சந்தோஷம் தருகிற விஷயம். மேல்பக்கம் இன்னொரு யூஎஸ்பி-சி வைத்ததால், ஸ்டாண்டில் நிறுத்தி ஆடிக்கொண்டே சார்ஜ் போடலாம். 7.9 அங்குலத் திரையில் 1080பி தெளிவு, 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை வரை காட்சி புதுப்பிக்கும். பழைய ஸ்விட்ச் கேம்களும் பல இதில் தெளிவாக ஓடுகின்றன. ஜாய்கானோடு எடை சுமார் 534 கிராம், ஓலெட் மாடலோ 420 கிராம். பேட்டரி 5220 எம்ஏஎச் என்றாலும் நிறுவனம் சொல்லும் நேரம் இரண்டு முதல் ஆறரை மணிதான், கிட்டத்தட்ட 2017-இன் கணக்கு. எல்சிடி திரையில் வேகமாக நகரும் காட்சி மங்குவதாக அளந்து பார்த்த விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். என்விடியாவின் சிப் சாம்சங்கின் 8 நானோமீட்டர் வகையைச் சேர்ந்தது என்கிறார்கள் அதைப் பிரித்து ஆராய்ந்தவர்கள். 2025-க்கு அது பழைய தொழில்நுட்பம்.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே அடுத்த வடிவம் பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதி ஐரோப்பாவிலிருந்து வருகிறது. அங்கே 2023-இல் நிறைவேறிய பேட்டரி விதிமுறையின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் விற்கும் சாதனங்களில் உள்ள சிறு பேட்டரிகளை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். விலக்குகள் சில உண்டு, ஆனால் கேம் கருவிக்கு அவை பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்விட்ச் 2-இல் பேட்டரி பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. கருவிகளைப் பிரித்துப் பார்த்து மதிப்பிடும் ஐஃபிக்ஸிட் தளம் இதற்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் பத்துக்கு மூன்றுதான் கொடுத்தது. நிண்டெண்டோவுக்கு இது புதிய வித்தையும் அல்ல. டிஎஸ் லைட்டின் பின்னால் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் பேட்டரி கைக்கு வந்துவிடும். என்னுடையதற்கு நானே மாற்றினேன், இன்றும் ஓடுகிறது.

என் கணிப்பின் மையம் இதுதான். வாங்கியவரே கழற்றும் பேட்டரிக்குக் கெட்டியான உறை வேண்டும், அதற்கு மூடி வேண்டும். அதே இடத்துக்குள் இவையெல்லாம் நுழைந்தால் பேட்டரியின் கொள்ளளவு குறையும், இல்லாவிட்டால் 13.9 மில்லிமீட்டர் உடல் தடிக்கும். ஏற்கெனவே எடையான கருவியை இன்னும் தடிமனாக்க அவர்கள் விரும்பமாட்டார்கள். அப்படியானால் மின்சாரம் குறைவாகக் குடிக்கும் சிப் வந்தாக வேண்டும். பேட்டரிக்காகப் போட்ட சட்டம் சிப்பை மாற்ற வைக்கும் என்று நான் நம்புவது இதனால்தான். ஐரோப்பாவுக்கென்று தனி உடல் செய்வதைவிட, எல்லா நாட்டுக்கும் ஒரே உடலாக மாற்றுவதே தொழிற்சாலைக்கு லாபம்.

காலக்கணக்கும் ஒத்துப்போகிறது. அட்வான்ஸிலிருந்து எஸ்பிக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு, டிஎஸ்ஸுக்கும் 3டிஎஸ்ஸுக்கும் ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவு, ஸ்விட்சுக்கு இரண்டரை ஆண்டு. ஸ்விட்ச் 2-க்கு இதே கணக்கைப் போட்டால் 2026 இறுதி முதல் 2027 இறுதிவரை. வெளித்தோற்றம் மாறாது, பெயரும் மாறாது, 2019 போலவே சத்தமில்லாமல் வரும் என்பது என் எண்ணம்.

ஓலெட் திரை அதே சமயத்தில் வருமா? எனக்கு நம்பிக்கை இல்லை. 120 ஹெர்ட்ஸும், கேமின் வேகத்துக்கேற்ப மாறும் ரெஃப்ரெஷ் ரேட்டும் (திரை புதுப்பிக்கும் வேகம்) சேர்ந்த ஓலெட் இந்த அளவில் விலை கூடியது. 2023-இல் வந்த போட்டிக் கையடக்கக் கருவி ஸ்டீம் டெக் ஓலெட் கூட 90 ஹெர்ட்ஸோடு நின்றது, ரெஃப்ரெஷ் ரேட் மாறும் வசதி அதில் இல்லை. ஓலெட்டோடு பிறந்த சோனியின் கையடக்கக் கருவி பிஎஸ் வீட்டா, 2013 மறுவடிவத்தில் உடல் இளைக்க எல்சிடிக்கே இறங்கி வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். திரை அடுத்த சுற்றில், 2028 வாக்கில் வரலாம். மலிவான லைட் அதற்கும் பிறகுதான். நினைவக விலை ஏறியிருக்கிறது. எட்டு வயதான பழைய ஸ்விட்சின் விலையையே 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் உயர்த்தினார்கள்.

ஓலெட் ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் தாராளமாகப் பொறுக்கலாம். 2017 மாடலோடு இருப்பவர்களும், பெரும்பாலும் டிவியில் ஆடுபவர்களும் காத்திருப்பதில் பொருளில்லை. டிவியோடு இணைக்கும் டாக்கில் வைத்து ஆடும்போது பேட்டரி ஒரு பேச்சே இல்லை.

இந்தியாவில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிண்டெண்டோ இங்கே அதிகாரபூர்வமாக விற்பதில்லை, எல்லாம் இறக்குமதிச் சரக்கு. பழையதும் புதியதும் ஒரே அலமாரியில் கலந்துதான் இருக்கும். 2019-இல் சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர் ஒருவர், "தம்பி, முழுக்கச் செகப்பா இருக்கிற பெட்டியப் பாத்து எடுங்க, அதான் புதுசு" என்று எடுத்துக் கொடுத்தார். அவர் சொன்னது சரி. பழைய மாடல் எண் எச்ஏசி-001, புதியதில் அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் -01 என்று இருந்தது. ஸ்விட்ச் 2-இன் மாடல் எண் பிஇஇ-001. அடுத்த ஆண்டுகளில் கடைக்குப் போனால், பணம் கொடுப்பதற்கு முன் அந்த எண்ணுக்குப் பின்னால் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.